வகை: மற்றவை

லிலோங்வேயில், இரண்டாம் மாடியில்,
மின்விசிறிக்கு நேர் கீழே என் மேசை.
தாள்கள் பறக்காதிருக்க
ஒவ்வொரு கோப்பின் மேலும் ஒரு கல்.
கற்களை நானே கொண்டுவந்தேன்.
அரசாங்கம் தருவதாய்ச் சொன்ன பேப்பர்வெயிட்டுக்கு
இன்னும் மூன்று கையெழுத்து பாக்கி.

இந்தச் சட்டத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன்.
போன வருடம் ஓர் அமைப்பு:
வழவழத் தாளில் நூற்றிருபது பக்க அறிக்கை,
மூன்று லேண்ட் குரூசர்,
நானூறு அநாதைக் குழந்தைகள்.
நேரில் போய்ப் பார்த்தால்
சலவைக்கல் தரை போட்ட ஒரு வீடு, வாசலில் நாய்.
அநாதை என்று காட்ட அந்த நாய்கூட இல்லை,
அதற்கு எசமான் இருந்தார்.
அன்றிலிருந்து எல்லாக் கணக்கையும்
இரண்டு தடவை கூட்டுகிறேன்.

பிறகுதான் துசெகிலே வந்தாள்,
கரோங்காவிலிருந்து இரவுப் பேருந்தில்,
கோப்பைச் சர்க்கரைப் பையில் சுற்றிக்கொண்டு.
ஏரியில் மூழ்கியவர்களைத் தேடுகிற ஆட்கள் இவர்கள்.
பதினான்கு வருடமாய்,
இரண்டு மரப்படகு, கொக்கி கட்டிய கயிறு,
யார் வீட்டிலோ கிளறிய என்சிமா.
பெயர் என்று எதுவும் இருந்ததில்லை.
‘அவர்களைக் கூப்பிடு’ என்பார்களாம்;
கரையில் எல்லோருக்கும் புரிந்துவிடும்.
இப்போது யாரோ படகுக்கு மோட்டார் தருகிறார்கள்.
மோட்டாருக்குச் சான்றிதழ் வேண்டும்,
சான்றிதழுக்கு முத்திரை,
முத்திரைக்கு நான்.

மீன்வளத் துறை சொன்னது: இது மீனல்ல.
சுகாதாரத் துறை சொன்னது: உயிரோடிருந்தால் அனுப்புங்கள்.
பேரிடர்த் துறை கேட்டது:
ஒரே சமயத்தில் எத்தனை பேர் மூழ்கினார்கள்?

முதல் தடவை நான்தான் திருப்பி அனுப்பினேன்.
நோக்கங்கள் என்ற இடத்தில்
‘தேடுவது’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.
ஒரு சொல் போதாதம்மா என்றேன்.
இரண்டாம் தடவை யாரிடமோ காசு கொடுத்து எழுதி வாங்கி
‘நீர்சார் இடர்களில் சமூகத்தின் திறன் மேம்பாடு’
என்று வந்தது.
ஏற்றுக்கொண்டேன்.
நாய் வீட்டின் கோப்பிலும்
ஏறக்குறைய இதே வரி.

மூன்றாம் தடவை
ஆறாம் பக்கத்தைக் கட்டைவிரலால் மறைத்தபடி நீட்டினாள்.
பொருளாளர் அம்போகிலே. நீல மையில் சாய்ந்த கையெழுத்து.
“இவர் இல்லை” என்றாள்.
விலகிவிட்டாரா?
“முவேரா காற்றில் போனார். பத்து நாள் தேடினோம்.”

பொறுப்பாளர் மாற்றத்துக்குத் தனிப் படிவம் உண்டு.
விலகல் கடிதம் இணைக்கவேண்டும்,
அல்லது இறப்புச் சான்று.
இறப்புச் சான்றுக்கு உடல் வேண்டும்.
இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.
அந்தக் கரையில் யாருக்கு அந்தச் சான்று தேவைப்பட்டாலும்
உடலைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள்
அவர்கள்தாம்.

கட்டணத்தை எண்ணினேன்.
உசிபா மீன் வாடையடிக்கும் குவாச்சாத் தாள்கள்,
கடைசி சில ஈரம்.
ஒரு கட்டம் நிரப்பாமல் கிடந்தது:
சென்ற ஆண்டின் பயனாளிகள் எண்ணிக்கை.
“கிடைத்தவர்கள் ஒன்பது” என்றாள்.
“கிடைக்காதவர்கள் இரண்டு.
அவர்களையும் எழுதலாமா?”

விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினேன்.
பயனாளி என்பதற்கு அரைப் பக்க விளக்கம் இருக்கிறது,
நான்கு உட்பிரிவு.
அதற்குள் மின்சாரம் போய் விசிறி நின்றது.
கற்கள் இல்லாமலே தாள்கள்
அசையாமல் கிடந்தன.

பதினொன்று என்று எழுதினேன்.
இரண்டு தடவை கூட்டினேன்.
வகை என்ற இடத்தில் ‘மற்றவை’.
அம்போகிலேயின் பெயரை அடிக்கவில்லை.
தணிக்கையாளர் கேட்டால் சொல்வேன்:
அவரிடமிருந்து விலகல் கடிதம்
இதுவரை வந்து சேரவில்லை.

ரசீது கேட்டாள், கொடுத்தேன்.
பேருந்து ஆறரைக்கு.
கோப்பை என்னிடம் விட்டுவிட்டு
சர்க்கரைப் பையை மட்டும்
மடித்து எடுத்துக்கொண்டாள்.